அப்டேட் முடிந்தது, கணக்கு திறக்கவில்லை: கணினியில் எதை முதலில் பார்ப்பது?

விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. "சார், அப்டேட் ஆகி முடிஞ்சுதுங்க, இப்போ பாஸ்வேர்டு தப்புங்குது." "டெஸ்க்டாப்ல இருந்ததெல்லாம் காணோமுங்க சார், புதுசா வாங்குன கம்ப்யூட்டர் மாதிரி நிக்குது." நான் சேர்வராயன் மலையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினிப் பயிற்றுநராகப் பணியாற்றுகிறேன். சுற்றியுள்ள மலைக் கிராமங்களின் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் கணினியில் தடை ஏற்பட்டால் முதலில் கேட்பது பக்கத்து மேல்நிலைப் பள்ளியைத்தான்.

காரணம் எளிது. பழுது பார்ப்பவர் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வர வேண்டும். அங்கிருந்து நாகலூருக்கோ வெள்ளக்கடைக்கோ செம்மநத்தத்துக்கோ போக இன்னும் நேரமாகும். அவர் வந்து அமர்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "ஃபார்மட் போட்டுடலாமா?" என்பதாக இருக்கும். அவருக்கு அது ஒரு மணி நேர வேலை. நமக்கோ, மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த வினாத்தாள்கள், எண்ணும் எழுத்தும் வகுப்புக்குத் தயாரித்த படங்கள், மாணவர்களின் செயல்திட்ட அறிக்கைகள், விழாப் புகைப்படங்கள் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் போய்விடக் கூடும்.

இந்தக் கட்டுரை சொல்ல விரும்புவது ஒன்றுதான். அப்டேட்டுக்குப் பிறகு கணக்கு திறக்காவிட்டாலும், காலியாகத் தெரிந்தாலும், உள்ளே இருந்த கோப்புகள் பெரும்பாலான நேரங்களில் வட்டிலேயே பத்திரமாக இருக்கின்றன. எந்தப் பகுதி அறுந்தது என்று கண்டறிவதற்கு முன்பு எதையும் அழிக்கவோ, புதிதாக நிறுவவோ கூடாது. அந்தக் கண்டறிதலைக் கணினி ஆசிரியர் இல்லாத பள்ளியிலும் செய்ய முடியும்.

பெயர், எண், பெட்டி, சாவி

பயனர் கணக்கு என்பதை நாம் ஒற்றைப் பொருளாக நினைக்கிறோம். உண்மையில் அது நான்கு பொருள்களின் சேர்க்கை.

முதலாவது பெயர். உள்நுழையும் திரையில் தெரிவது அதுதான். இரண்டாவது அடையாள எண். இது நம் கண்ணில் படுவதில்லை; ஆனால் இயக்க அமைப்பு நம்மை அறிந்திருப்பது இந்த எண்ணால்தான். விண்டோஸில் இது எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண். லினக்ஸில் 1000, 1001 போன்ற சிறிய எண். மூன்றாவது பெட்டி, அதாவது நம் கோப்புகளும் விருப்ப அமைப்புகளும் இருக்கும் கோப்புறை. விண்டோஸில் இது சி டிரைவின் யூசர்ஸ் கோப்புறைக்குள் இருக்கும். லினக்ஸில் ஹோம் கோப்புறைக்குள் இருக்கும். நான்காவது சாவி: கடவுச்சொல், பின் எண் அல்லது விரல்ரேகை.

இதை நம் வகுப்பறையோடு ஒப்பிட்டால் உடனே விளங்கும். ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திக் இருக்கலாம். பெயரை வைத்து மதிப்பெண்ணைப் பதிந்தால் குழப்பம் வரும். அதனால்தான் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எமிஸ் எண் உள்ளது. ஒரு மாணவரின் பதிவை நீக்கிவிட்டு, அதே பெயரில், அதே பிறந்த தேதியில் புதிய எண்ணோடு இன்னொரு பதிவை உருவாக்கினால், பழைய மதிப்பெண்கள் புதிய எண்ணோடு தாமாக ஒட்டிக்கொள்ளாது.

கணினியிலும் அப்படியே. "டீச்சர்" என்ற கணக்கை நீக்கிவிட்டு, அதே பெயரில், அதே கடவுச்சொல்லோடு மீண்டும் உருவாக்கினால், இயக்க அமைப்பைப் பொறுத்தவரை வந்திருப்பவர் வேறொருவர். பழைய கோப்புகளைத் திறக்க முயன்றால் அனுமதி இல்லை என்று சொல்லும். "அதே பேர்லதானே சார் போட்டேன்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், "பேர் அதேதான் டீச்சர், எமிஸ் நம்பர் மாறிடுச்சு" என்பதுதான்.

இந்த நான்கில் எது உடைந்தது என்று கேட்டுப் பழகினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். சாவி மட்டும் தவறினால் பெட்டிக்கு ஆபத்தில்லை. பெட்டிக்குப் போகும் வழி மட்டும் அறுந்தால் பெட்டி அப்படியே இருக்கும். பெட்டியே அழிந்தால் மட்டுமே நிலைமை மோசம், அது அரிது.

உலகம் கண்ட இரண்டு நிகழ்வுகள்

2020 பிப்ரவரி 11 அன்று விண்டோஸ் 10-இன் 1903, 1909 பதிப்புகளுக்கு கேபி4532693 என்ற எண்ணுள்ள அப்டேட் வெளியானது. அதை நிறுவிய பயனர்களில் சிலர் கணினியைத் திறந்தபோது டெஸ்க்டாப் வெறுமையாக இருந்தது; தொடக்கப் பட்டியும் முதல் நாள் போல மாறியிருந்தது. கோப்புகள் அழிந்துவிட்டன என்று பலரும் அஞ்சினர். உண்மையில் இயக்க அமைப்பு அவர்களைத் தற்காலிகப் பயனராக உள்ளே விட்டிருந்தது. யூசர்ஸ் கோப்புறைக்குள் பார்த்தபோது, அவர்களது பழைய பெட்டி பெயரின் இறுதியில் .000 அல்லது .பேக் என்ற ஒட்டுடன் இருந்தது. சிலருக்குச் சில முறை மறுதொடக்கம் செய்ததும் பழைய நிலை திரும்பியது. சிலருக்கு அந்த அப்டேட்டை நீக்கியதும் சரியானது. இங்கே அறுந்தது பெட்டிக்குப் போகும் வழி மட்டுமே.

அதற்கு முன், 2018 அக்டோபரில் நடந்தது வேறு வகை. அம்மாதம் 2-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, சிலரது டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகளில் இருந்தவற்றை உண்மையாகவே அழித்தது. சில நாள்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதன் வெளியீட்டை நிறுத்தி, பிழையைத் திருத்தி, நவம்பர் 13 அன்று மீண்டும் வெளியிட்டது. இழப்பைப் பதிவு செய்தவர்கள் நிறுவியவர்களில் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவுதான் என்று அந்நிறுவனம் கூறியது. பாதிக்கப்பட்டவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். டாக்குமென்ட்ஸ் போன்ற கோப்புறைகளின் இருப்பிடத்தை வேறு டிரைவுக்கு மாற்றி, பழைய இடத்திலும் சில கோப்புகளை விட்டுவைத்தவர்கள் அவர்களில் முக்கியமானவர்கள். பழைய இடத்துக் கோப்புறை தேவையற்ற நகல் என்று கருதப்பட்டு அழிக்கப்பட்டது. சி டிரைவ் நிறைந்ததும் எல்லாவற்றையும் டி டிரைவுக்கு மாற்றும் வழக்கம் நம் பள்ளிகளிலும் உண்டு.

இரண்டு நிகழ்வுகளிலும் திரையில் தெரிந்தது ஏறத்தாழ ஒன்றே: இருந்தது இல்லை. ஆனால் முதலாவதில் கோப்புகள் அடுத்த அறையில் இருந்தன, இரண்டாவதில் அழிக்கப்பட்டிருந்தன. அழிக்கப்பட்ட கோப்பைக்கூட, அந்த இடத்தில் புதிதாக எதுவும் எழுதப்படாதவரை மீட்க வாய்ப்புண்டு. ஆகவே எந்த வகை என்று தெரியாத நிலையில் இரண்டுக்கும் பொருந்தும் முதல் விதி ஒன்றே: அந்தக் கணினியில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். மென்பொருள் நிறுவ வேண்டாம், படம் இறக்க வேண்டாம், மறுபடியும் அப்டேட் செய்ய வேண்டாம்.

அறிகுறி ஒன்று: கடவுச்சொல் தவறு என்கிறது

இது சாவிச் சிக்கல். கடவுச்சொல்லை மாற்ற முனைவதற்கு முன் திரையின் கீழ் வலது மூலையில் விசைப்பலகை எந்த மொழியில் இருக்கிறது என்று பாருங்கள். நம் பள்ளிக் கணினிகளில் தமிழ், ஆங்கிலம் இரண்டுக்கும் விசைப்பலகை சேர்த்திருப்போம். அப்டேட்டுக்குப் பின் உள்நுழையும் திரையில் தமிழோ வேறொரு நாட்டு ஆங்கில அமைப்போ முன்னிருப்பாக வந்து நிற்கலாம். கடவுச்சொல் புள்ளிகளாக மட்டுமே தெரிவதால் என்ன எழுத்து விழுகிறது என்பது நமக்குத் தெரியாது. பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் வடிவக் குறியை அழுத்தினால் தெரிந்துவிடும். கேப்ஸ் லாக், நம் லாக் இரண்டையும் கூடவே சரிபாருங்கள்.

பின் எண் கிடைக்கவில்லை என்று வந்தால் அதுவும் பெட்டியைத் தொடும் பிரச்சினை இல்லை. பின் எண் அந்தக் கணினிக்கு மட்டும் உரியது. உள்நுழையும் திரையில் சைன்-இன் ஆப்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்து, கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய்ப் பின் எண்ணைப் புதிதாக அமைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் பின் எண்ணையே பயன்படுத்தியவர்களுக்குக் கடவுச்சொல் மறந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் அதைக் கைப்பேசியிலிருந்தே மீட்டமைக்க முடியும். ஆனால் புதிய கடவுச்சொல்லை ஏற்கக் கணினிக்கு இணையம் வேண்டும். சிக்னல் கிடைக்கும் இடத்துக்குக் கணினியைத் தூக்கிச் செல்லவோ, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைத் தரவோ வேண்டியிருக்கலாம்.

நீண்ட விடுமுறைக்குப் பின் திறக்கும் பழைய மேசைக்கணினிகளில் தேதியையும் பாருங்கள். உள்ளே இருக்கும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணைய இணைப்புகள் மறுக்கப்படும். இணையக் கணக்கு உள்நுழைவும் எமிஸ் தளமும் ஒருசேரத் திறக்காது. சிஆர்2032 என்ற எண்ணைச் சொல்லிக் கேட்டால் கைக்கடிகாரக் கடையிலேயே அந்த மின்கலம் கிடைக்கும்.

அறிகுறி இரண்டு: உள்ளே போகிறது, எல்லாம் காலி

இதுதான் அதிகம் அச்சுறுத்துவது. முதலில் ஓரத்தில் ஏதேனும் அறிவிப்பு வருகிறதா என்று பாருங்கள். உங்கள் கணக்கில் உள்நுழைய முடியவில்லை என்றோ, தற்காலிக விவரத்தோடு நுழைந்திருக்கிறீர்கள் என்றோ வந்தால், 2020 நிகழ்வு போன்றதே உங்களுக்கும் நேர்ந்திருக்கிறது. அந்த நிலையில் சேமிக்கும் எந்தக் கோப்பும் வெளியேறியதும் அழிந்துவிடும். "எப்படியும் டெஸ்க்டாப் காலியாத்தான இருக்கு" என்று புதிய வினாத்தாளை அங்கே தட்டச்சு செய்து வைத்தால் மறுநாள் அதுவும் இருக்காது.

செய்ய வேண்டியது, வரிசைப்படி:

1. ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் கொடுத்துத் திறப்பது இதற்கு ஈடாகாது. விண்டோஸில் விரைவுத் தொடக்கம் இயங்கினால் ஷட் டவுன் முழுமையாக அணைப்பதில்லை, ரீஸ்டார்ட்தான் முழுமையானது. இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். பயனர் விவரக் கோப்பை வேறொரு மென்பொருள் பிடித்து வைத்திருந்ததால் மட்டும் வந்த தடை என்றால் இதிலேயே நீங்கிவிடும்.

2. நீங்கவில்லை என்றால் சி டிரைவில் யூசர்ஸ் கோப்புறையைத் திறங்கள். உங்கள் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புறைகள் உள்ளனவா, டெம்ப் என்று ஒன்று இருக்கிறதா, .000 அல்லது .பேக் ஒட்டுடன் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றின் மீதும் வலது சொடுக்கி அளவைப் பாருங்கள். சில மெகாபைட் மட்டும் காட்டுவது புதியது. பல ஜிகாபைட் காட்டுவது உங்கள் பழைய பெட்டி.

3. புதிய பதிப்புக்கு மாறியிருந்தால், சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் என்ற கோப்புறை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குள்ளும் ஒரு யூசர்ஸ் கோப்புறை இருக்கும். இது பொதுவாக 10 நாள்கள்தான் இருக்கும். பிறகு இயக்க அமைப்பே நீக்கிவிடும். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப் ஓட்டினால் உடனே போய்விடும்.

4. பழைய பெட்டி கிடைத்ததும், நிர்வாகி உரிமையுள்ள வேறொரு கணக்கில் நுழைந்து, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய கோப்புறைகளை வெளி வன்வட்டுக்கோ பென்டிரைவுக்கோ நகலெடுங்கள். வெட்டி ஒட்ட வேண்டாம், நகல் மட்டும். அனுமதி இல்லை என்று கேட்டால் தொடர்க என்பதைச் சொடுக்கலாம்.

5. நகல்கள் திறக்கின்றனவா என்று நான்கைந்து கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே கணக்கைச் சரிசெய்வது பற்றி யோசிக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் ஒரே அடையாள எண்ணுக்கு இரண்டு பதிவுகள், ஒன்று .பேக் ஒட்டுடன், இருப்பது இந்தச் சிக்கலின் வழக்கமான காரணம். அதைத் திருத்தத் தெரிந்தவர் திருத்தலாம். தெரியாதவர்களுக்குப் புதிய கணக்கு ஒன்றை உருவாக்கி, நகலெடுத்தவற்றை அதற்குள் வைப்பதே பாதுகாப்பான வழி. பழைய பெட்டியில் மறைந்திருக்கும் கோப்புகளைப் புதிய பெட்டிக்குள் கொண்டுவராதீர்கள். பழுதும் கூடவே வந்துவிடும்.

புதிய கணக்கில் உலாவியைத் திறந்தால் சேமித்து வைத்திருந்த கடவுச்சொற்கள் இருக்காது. "எமிஸ் பாஸ்வேர்டும் போச்சு" என்று பதற வேண்டாம். எமிஸ் கணக்கு கணினிக்குள் இல்லை. அதன் கடவுச்சொல்லை உலாவி நினைவில் வைத்திருந்தது, அவ்வளவுதான்.

அறிவிப்பு எதுவும் இல்லாமல் டெஸ்க்டாப் மட்டும் காலியாகத் தெரிந்தால் ஒன்டிரைவைச் சந்தேகியுங்கள். அப்டேட்டுக்குப் பின் வரும் கேள்விகளுக்கு எல்லாம் சரி என்று சொடுக்கிக்கொண்டே போனால், டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இடம் மாறியிருக்கலாம். கோப்பின் மேல் மேகக் குறி இருந்தால் அது இணையத்தில் மட்டும் உள்ளது என்று பொருள். இணைய வேகம் குறைந்த மலைப்பள்ளியில் வகுப்பு நேரத்தில் அது திறக்காது. இணையம் இருக்கும்போது அக்கோப்புறையை வலது சொடுக்கி, எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு என்று தேர்ந்துவிடுங்கள்.

அறிகுறி மூன்று: 48 இலக்கச் சாவி கேட்கிறது

நீலத் திரையில் பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்டால் இது கணக்கு தொடங்குவதற்கும் முந்தைய பூட்டு. வட்டு முழுவதும் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. 2024 ஜூலை 9 அன்று வெளியான பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பின் பல கணினிகள் இந்தத் திரையில் நின்றன. ஆகஸ்ட் 13 அப்டேட்டில் அது திருத்தப்பட்டது. திருத்தம் வந்தாலும், அந்தத் திரையில் நிற்கும் கணினியைத் திறக்கச் சாவி வேண்டும். சாவி இல்லையென்றால் எந்தப் பழுதுபார்ப்பவராலும் கோப்புகளை மீட்க முடியாது. நான் சொன்ன அரிதான மோசமான நிலைகளில் இது முதன்மையானது.

சாவி எங்கே இருக்கும்? புதிய கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கால் முதலில் நுழைந்தவரின் இணையக் கணக்கில் தானாகச் சேமிக்கப்பட்டிருக்கும். இங்குதான் பள்ளிகளுக்கே உரிய சிக்கல் வருகிறது. கணினி வந்த நாளில் ஓர் ஆசிரியர் தம் சொந்த மின்னஞ்சலால் அதைத் தொடங்கியிருப்பார். இரண்டு ஆண்டுகளில் அவர் கலந்தாய்வில் சமவெளிக்கு மாறுதலாகிப் போயிருப்பார். பள்ளியின் சாவி அவரது சொந்தக் கணக்கில் இருக்கும். அது அவருக்கே தெரியாது. அவரைத் தொடர்புகொண்டு, கைப்பேசி உலாவியில் அவரது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, திரையில் காட்டும் சாவி அடையாளத்தோடு பொருந்தும் எண்ணைப் படிக்கச் சொல்ல வேண்டும். மாறுதல் ஆணை வந்ததும் பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் இந்த எண்ணும் இடம்பெற வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

லினக்ஸ் கணினிகளில்

சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. பாஸ், உபுண்டு இரண்டிலும் அப்டேட்டுக்குப் பின் காணப்படும் பொதுவான தொல்லை, சரியான கடவுச்சொல் கொடுத்தும் திரை ஒரு முறை கறுத்து மீண்டும் உள்நுழையும் திரைக்கே வந்து நிற்பது. கடவுச்சொல் தவறு என்ற செய்தி வராததே இங்கு முக்கியமான தடயம். சாவி சரி, பெட்டிக்குள் எழுத முடியவில்லை.

முதல் சந்தேகம் வட்டு நிறைந்திருப்பது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் நுழையுங்கள். டி, எஃப் என்ற இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் ஆன கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு பகுதியும் எத்தனை விழுக்காடு நிறைந்திருக்கிறது என்று காட்டும். 100 என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. குப்பைத் தொட்டியையும் பழைய நிறுவல் பொதிகளையும் நீக்கினால் கணக்கு திறக்கும்.

இரண்டாவது சந்தேகம் அடையாள எண் இடம் மாறியது. ஹோம் பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு இயக்க அமைப்பை மட்டும் புதிதாக நிறுவும்போது இது நேரும். முன்பு முதலில் ஆசிரியர் கணக்கும் அடுத்து மாணவர் கணக்கும் உருவாக்கியிருந்தால் அவற்றின் எண்கள் 1000, 1001. இம்முறை வரிசை மாறி மாணவர் கணக்கு முதலில் உருவானால் 1000 மாணவருக்குப் போய்விடும். லினக்ஸ் கோப்பின் உரிமையாளரை எண்ணால் மட்டுமே அறியும். விளைவு, ஆசிரியரால் தம் பெட்டியைத் திறக்க முடியாது. மாணவர் கணக்கில் நுழையும் எவரும் ஆசிரியரின் வினாத்தாளைத் திறக்கலாம். பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்தால் இது தேர்வு நாளில்தான் தெரியவரும். பழைய வரிசையிலேயே கணக்குகளை உருவாக்குவது எளிய தடுப்பு.

மின்சாரம் போய்விட்டால்

ஏற்காட்டில் ஏப்ரல், மே மாதங்களின் கோடை இடியும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையும் அப்டேட்டின் பகைவர்கள். காப்பித் தோட்டத்துச் சவுக்கு மரக்கிளை மின்கம்பியில் விழுந்தால் மின்சாரம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. அப்டேட்டின் நடுவே மின்சாரம் போய்த் திரும்பியதும், மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறது என்ற செய்தியோடு கணினி நெடுநேரம் நிற்கலாம். அது பழைய நிலைக்குத் தன்னை மீட்டுக்கொள்ளும் வேலை. பழைய வன்வட்டு உள்ள கணினியில் இது ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதும் உண்டு. பொறுமையிழந்து பொத்தானை அழுத்தி அணைப்பதுதான் கணக்குப் பதிவுகளைச் சிதைக்கும் செயல்.

வகுப்பறைச் செயல்பாடு: பெயர் ஒன்று, எண் வேறு

பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் இயக்க அமைப்பின் பாதுகாப்பு மேலாண்மை கோப்பு அணுகல் நிலை, கணினி நிலை, வலையமைப்பு நிலை என மூன்றாகச் சொல்லப்படுகிறது. மாணவர்கள் இதை மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். ஒரு பாடவேளைச் செயல்பாட்டால் முதல் இரண்டையும் உணரச் செய்யலாம். எட்டாம் வகுப்பிலும் நடத்தலாம்; கணினியே தேவையில்லை.

மூன்று அட்டைப் பெட்டிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண்ணை மட்டும் எழுதுங்கள்: 1001, 1002, 1003. உள்ளே அந்தந்த உரிமையாளர் எழுதிய ஒரு சீட்டு. ஒரு மாணவர் இயக்க அமைப்பு. அவர் கையில் பெயர், எண், கடவுச்சொல் கொண்ட பதிவேடு. மூவர் பயனர்கள். பயனர் வந்து பெயரும் கடவுச்சொல்லும் சொன்னால், இயக்க அமைப்பு பதிவேட்டைப் பார்த்து எண்ணைக் கண்டு, அந்தப் பெட்டியைத் தர வேண்டும்.

முதல் சுற்று ஒழுங்காக நடக்கும். இரண்டாம் சுற்றில் ஒரு பயனரின் பதிவை அடித்துவிட்டு, அதே பெயரில் 1004 என்று எழுதச் சொல்லுங்கள். கடவுச்சொல் சரியாக இருந்தும் அவருக்கு வெற்றுப் பெட்டிதான் கிடைக்கும். "என் பெட்டி அங்கேயே இருக்கே!" என்று அவர் கண்முன்னே காட்டுவார். அந்தக் குரல்தான் பாடம். மூன்றாம் சுற்றில் இருவரின் எண்களைப் பதிவேட்டில் இடம் மாற்றுங்கள். ஒருவரின் சீட்டை மற்றவர் படிப்பார். பின்பு மூன்று கேள்விகள் கேளுங்கள்: சீட்டு அழிந்ததா? தவறு எந்த இடத்தில் நேர்ந்தது? பெட்டியைத் தூக்கி எறியாமல் இதைச் சரிசெய்வது எப்படி?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த மாணவர், வீட்டில் யாராவது "ஃபார்மட் போட்டுடலாம்" என்று சொல்லும்போது ஒரு நிமிடம் நிறுத்திக் கேட்பார்.

அப்டேட்டுக்கு முன் ஒரு பக்கம்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. ஆகவே இன்று நம் பள்ளிக் கணினிகள் பல புதிய பதிப்புக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. அப்டேட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பது தீர்வாகாது. பாதுகாப்புக் குறைகள் திறந்தே கிடக்கும். முன்னேற்பாட்டோடு செய்வதே வழி. என் ஆய்வகத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிய பதிவேடு வைத்திருக்கிறேன். அதில் நிரப்புபவை:

1. கணினியில் உள்ள கணக்குகளின் பெயர்கள், எது நிர்வாகி, எது சாதாரணம், எந்த வரிசையில் உருவாக்கப்பட்டவை.

2. நிர்வாகி உரிமையுள்ள கணக்கு இரண்டு. ஒன்று அன்றாடம் யாரும் பயன்படுத்தாதது. அதன் கடவுச்சொல் உறையிலிட்டுத் தலைமையாசிரியர் அலமாரியில். ஒரு கணக்கு பூட்டிக்கொண்டால் மற்றொன்றால் நுழைந்து கோப்புகளை நகலெடுக்க இது வேண்டும்.

3. பிட்லாக்கர் இயங்குகிறதா, ஆம் எனில் 48 இலக்கச் சாவி. இதுவும் அதே உறையில்.

4. கோப்புகளின் நகல் எடுத்த தேதி, எந்த வெளி வன்வட்டில். நகல் எடுத்ததும் அதைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

5. சி டிரைவில் மீதமுள்ள இடம். 20 ஜிகாபைட்டுக்குக் குறைவாக இருந்தால் பதிப்பு மாற்றும் அப்டேட்டைத் தொடங்குவதில்லை.

6. அப்டேட் செய்த நாள். தேர்வு வாரத்திலும், எமிஸ் விவரங்கள் முடிக்க வேண்டிய நாள்களிலும் செய்வதில்லை. மடிக்கணினி என்றால் மின்கலம் முழுதாக நிறைந்து, மின்னிணைப்பிலும் இருக்க வேண்டும். மேசைக்கணினி என்றால் யுபிஎஸ் வேலை செய்கிறதா என்று இணைப்பைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

7. முடிந்ததும் எல்லாக் கணக்குகளிலும் ஒரு முறை நுழைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பழைய கோப்பைத் திறந்து பார்த்ததற்கான கையொப்பம். விண்டோஸ்.ஓல்ட் 10 நாளில் போய்விடும் என்பதால் இந்தச் சரிபார்ப்பை அன்றே முடிக்க வேண்டும்.

ஒரு கணினிக்கு இதை நிரப்பப் பதினைந்து நிமிடங்கள் போதும். கணக்கு பூட்டிக்கொள்ளும் நாளில், பழுது பார்ப்பவர் வந்தாலும் வராவிட்டாலும், எது உடைந்தது, எது பத்திரமாக இருக்கிறது என்பதை அந்தப் பக்கத்தை வைத்து நாமே சொல்ல முடியும். உங்கள் பள்ளியில் ஒரே ஒரு கணினிதான் இருக்கிறது என்றால் இருப்புப் பதிவேட்டின் கடைசிப் பக்கமே இதற்குப் போதுமானது.